மழைக்காட்டுக் கிராமத்தில் யாருக்குப் பயிற்சி?

தென் அமெரிக்க நாடான ஈக்வடாரின் கிழக்குப் பகுதியில், ஆண்டிஸ் மலைத்தொடரிலிருந்து அமேசான் சமவெளிக்கு இறங்கும் சரிவில் டெனா என்னும் சிறு நகரம் அமைந்துள்ளது. அது நாப்போ மாகாணத்தின் தலைநகரம். அதைச் சுற்றியுள்ள மழைக்காட்டுக் கிராமங்களில் கிச்வா மொழி பேசும் பூர்வகுடி மக்கள் வாழ்கின்றனர். மேலை நாட்டுப் பல்கலைக்கழகங்களில் கோடை விடுமுறை தொடங்கியதும் இக்கிராமங்களுக்கு மாணவர்கள் வரத் தொடங்குகின்றனர். முதுகுப்பை, கொசுவலை, முழங்கால்வரை நீளும் ரப்பர் காலணி ஆகியவற்றுடன் வரும் இவர்கள் சில வாரங்களோ சில மாதங்களோ தங்குகின்றனர். பள்ளிச் சிறுவர்களுக்கு ஆங்கிலம் கற்பிப்பது, வகுப்பறைச் சுவருக்கு வண்ணம் பூசுவது, நாற்றங்கால் அமைப்பது, பெண்களின் கைவினைப் பொருள்களை வெளிநாட்டுச் சந்தையில் விற்க வழிகாட்டுவது எனப் பல பணிகள் இவர்களுக்குத் தரப்படுகின்றன. இதற்குச் சூட்டப்படும் பெயர், சமூக மேம்பாட்டில் வெளிநாட்டு இன்டர்ன்ஷிப்.

இந்தப் பயிற்சிக்கு மாணவருக்கு ஊதியம் கிடையாது. பெரும்பாலான திட்டங்களில் மாணவரே கட்டணம் செலுத்துகிறார். விமானச் செலவு நீங்கலாக, வாரத்திற்குச் சில நூறு டாலர் என்பது வழக்கமான அளவு. ஈக்வடாரில் 2024 ஆம் ஆண்டில் சட்டப்படியான குறைந்தபட்ச மாத ஊதியமே 460 டாலர்தான். ஒரு தொழிலாளியின் மாத ஊதியத்தை ஒத்த தொகையை ஒரு மாணவர் ஓரிரு வாரங்களில் செலவிடுகிறார். அந்தத் தொகையில் எவ்வளவு இடைநிலை முகமைகளிடம் தங்குகிறது, எவ்வளவு கிராமத்தைச் சென்றடைகிறது என்பதைக் கிராம மக்களால் அறிய முடிவதில்லை. கணக்கு வேறொரு நாட்டில், வேறொரு மொழியில் எழுதப்படுகிறது.

வரும் மாணவர்களின் நல்லெண்ணத்தை ஐயுற வேண்டியதில்லை. அவர்களில் பலர் தங்கள் நாட்டு அரசுகளின் போர்களையும் சூழல் அழிப்பையும் எதிர்ப்பவர்கள். அந்த நல்லெண்ணம் எந்தக் கட்டமைப்பிற்குள் செலுத்தப்படுகிறது, அதனால் எது மறைக்கப்படுகிறது என்பதே ஆராய வேண்டிய பொருள்.

சாலையும் குழாயும்

தலைநகர் கீட்டோவிலிருந்து டெனாவுக்குச் செல்லும் பேருந்து பாப்பயாக்தா கணவாயைக் கடந்து பாயேசா வழியாக இறங்குகிறது. இந்த வழித்தடத்தையொட்டியே கச்சா எண்ணெய்க் குழாயும் செல்கிறது. மழைக்காட்டிலிருந்து மலையேறி, மறுபுறம் பசிபிக் கடற்கரையின் எஸ்மெரால்டாஸ் துறைமுகம் வரை எண்ணெயைக் கொண்டு செல்லும் அந்தக் குழாய் 1972 இல் இயங்கத் தொடங்கியது. பயிற்சி மாணவர்கள் கீழிறங்கும் பாதையில் காட்டின் செல்வம் மேலேறிச் செல்கிறது.

வடகிழக்கு ஈக்வடாரில் அமெரிக்க நிறுவனமான டெக்சாகோ 1964 இல் எண்ணெய் எடுக்கும் உரிமை பெற்றது. 1967 இல் லாகோ அக்ரியோவில் எண்ணெய் கண்டறியப்பட்டது. 1992 இல் அந்நிறுவனம் வெளியேறியபோது, காட்டில் எண்ணெய்க் கழிவு தேங்கிய திறந்தவெளிக் குழிகள் நூற்றுக்கணக்கில் எஞ்சின. எண்ணெயுடன் வெளிவந்த நச்சு நீர் பல்லாண்டுகளாக ஓடைகளிலும் ஆறுகளிலும் விடப்பட்டிருந்தது. கோஃபான், சியோனா, சேகோயா ஆகிய பூர்வகுடி மக்களும், மலைப்பகுதியிலிருந்து குடியேறிய ஏழை விவசாயிகளும் அந்த நீரைத்தான் குடித்தனர், அதில்தான் குளித்தனர்.

ஏறத்தாழ 30,000 மக்களின் சார்பில் 1993 இல் நியூயார்க்கில் வழக்குத் தொடரப்பட்டது. டெக்சாகோவை 2001 இல் செவ்ரான் வாங்கியது. வழக்கை ஈக்வடாரில்தான் நடத்த வேண்டும் என்று நிறுவனத் தரப்பு வாதாடி வென்றது. ஈக்வடார் நீதிமன்றம் 2011 இல் அந்நிறுவனத்திற்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இழப்பீட்டுத் தொகை 2013 இல் 950 கோடி டாலர் என இறுதி செய்யப்பட்டது. நிறுவனமோ ஏற்கெனவே அமெரிக்க நீதிமன்றத்தை நாடியிருந்தது. அந்தத் தீர்ப்பு மோசடியால் பெறப்பட்டது என 2014 இல் நியூயார்க் நீதிபதி ஒருவர் கூறினார். 2018 இல் பன்னாட்டு நடுவர் மன்றமும் நிறுவனத்தின் பக்கம் நின்றது. எந்த நீதிமன்றம் தமக்கு ஏற்றதோ அதைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு மூலதனத்திற்கு இருக்கிறது. கழிவுக் குழியின் அருகே குடியிருக்கும் விவசாயிக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவருக்கு இன்றுவரை அந்த இழப்பீட்டில் ஒரு காசும் வந்து சேரவில்லை.

இந்த வரலாற்றை வெளியே வைத்துவிட்டு, ‘வறுமையான மழைக்காட்டுக் கிராமம்’ என்ற படம் மட்டும் பயிற்சித் திட்டங்களின் விளம்பரத்தில் இடம்பெறுகிறது. கிராமத்தில் தூய குடிநீர் இல்லை என்று கூறப்படும். ஆற்று நீர் ஏன் குடிப்பதற்கு உதவாமல் போயிற்று என்பது கூறப்படாது. பள்ளிக்கு ஆசிரியர் இல்லை என்று கூறப்படும். அரசின் வருவாய் எந்தக் கடனுக்கு வட்டியாகப் போகிறது என்பது கூறப்படாது. வறுமை இயற்கையான ஒன்றாகக் காட்டப்படும்போதுதான், அதைத் தீர்க்கச் சில வார நல்லெண்ணம் போதும் என்ற எண்ணமும் இயற்கையானதாகத் தோன்றுகிறது.

உதவ வந்தவர்களின் வரலாறு

வெளியிலிருந்து உதவ வருவோர் இந்தக் காட்டிற்குப் புதியவர்கள் அல்லர். 1950களில் அமெரிக்காவிலிருந்து ‘கோடைக்கால மொழியியல் நிறுவனம்’ என்ற பெயரில் சமயப் பரப்புநர்கள் ஈக்வடாரின் காட்டிற்குள் வந்தனர். எழுத்து வடிவம் பெறாத மொழிகளுக்கு எழுத்து அமைத்தனர், மருந்து கொடுத்தனர், பைபிளை மொழிபெயர்த்தனர். எண்ணெய் நிறுவனங்களும் காட்டிற்குள் நுழைந்தன. 1960களின் இறுதியில், தங்கள் பரந்த நிலப்பரப்பில் வாழ்ந்துவந்த வவோரானி மக்களில் பெரும்பகுதியினர் இந்தச் சமயப் பரப்புநர்களின் முயற்சியால் ஒரு சிறிய காப்பகப் பகுதிக்குள் கொண்டுவரப்பட்டனர். காலியான நிலத்தில் எண்ணெய்த் தேடல் தடையின்றி நடந்தது. பூர்வகுடி அமைப்புகளும் ஈக்வடாரின் அறிவுலகமும் தொடர்ந்து எதிர்த்ததையடுத்து, 1981 இல் ஈக்வடார் அரசு அந்நிறுவனத்துடனான ஒப்பந்தத்தை முடிவுக்குக் கொண்டுவந்தது.

1961 மார்ச் மாதம் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி ‘அமைதிப் படை’ என்னும் இளைஞர் தொண்டு அமைப்பை உருவாக்கினார். இலத்தீன் அமெரிக்காவிற்கான ‘முன்னேற்றத்திற்கான கூட்டணி’ என்னும் உதவித் திட்டத்தையும் அதே மாதம் அறிவித்தார். அடுத்த மாதமே, ஏப்ரலில், அதே அரசு பயிற்றுவித்து அனுப்பிய கூலிப்படை கியூபாவின் பன்றிகள் வளைகுடாவில் இறங்கியது. ஒரு கையில் மண்வெட்டியும் மறு கையில் துப்பாக்கியும் ஏந்தி வந்த ஏகாதிபத்தியத்தை இலத்தீன் அமெரிக்க மக்கள் வெகுவிரைவில் அடையாளம் கண்டனர். பொலிவிய இயக்குநர் ஹோர்கே சான்ஹினேஸ் 1969 இல் எடுத்த ‘யாவார் மல்கு’ திரைப்படம், உதவ வந்த அமெரிக்கர்கள் பூர்வகுடிப் பெண்களுக்கு அவர்கள் அறியாமலேயே கருத்தடை செய்வதாகச் சித்திரித்தது. அப்படம் எழுப்பிய கொந்தளிப்பும் சேர்ந்தே 1971 இல் அமைதிப் படை பொலிவியாவிலிருந்து வெளியேற்றப்படும் நிலை உருவானது.

1968 ஏப்ரலில், மெக்சிகோவின் கிராமங்களுக்குத் தொண்டு செய்ய வந்த அமெரிக்க மாணவர்களின் முன் கத்தோலிக்கச் சிந்தனையாளர் இவான் இல்லிச் ஆற்றிய உரை இன்றும் பேசப்படுகிறது. பார்க்க வாருங்கள், கற்க வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள் என்பது அவ்வுரையின் சாரம். இல்லிச் மார்க்சியர் அல்லர். பள்ளி, மருத்துவமனை ஆகிய நிறுவனங்களையே ஐயுற்ற அவருடைய பார்வையை இடதுசாரிகள் முழுமையாக ஏற்க இயலாது. ஆயினும், உதவுபவர் தம் வர்க்கத்தின் வாழ்முறையையும் சேர்த்தே சுமந்து வருகிறார் என்று அவர் கூறியது அரை நூற்றாண்டு கடந்தும் செல்லுபடியாகிறது.

கட்டணம் செலுத்தும் உழைப்பாளி

ஊதியமற்ற இன்டர்ன்ஷிப் என்பதே நவதாராளமயம் ஈன்ற குழந்தை. நிலையான வேலை அரிதாகிவிட்ட உலகில், வேலைக்கு விண்ணப்பிக்கும் தகுதியைப் பெறுவதற்கே இளைஞர் ஊதியமின்றி உழைக்க வேண்டியிருக்கிறது. வெளிநாட்டுக் கிராமப் பயிற்சியில் இது ஒரு படி மேலே செல்கிறது. உழைக்கும் உரிமையைக்கூட மாணவர் பணம் கொடுத்து வாங்குகிறார். பணம் உள்ள குடும்பத்துப் பிள்ளைகளால் மட்டுமே அந்த அனுபவத்தைத் தங்கள் தகுதிக் குறிப்பில் எழுத முடிகிறது. அதே பல்கலைக்கழகத்தில் விடுமுறை முழுவதும் உணவகத்தில் பாத்திரம் கழுவிக் கல்விக் கட்டணம் கட்டும் மாணவருக்கு ‘உலகளாவிய சமூகப் பொறுப்பு’ இல்லை என்று நேர்முகத் தேர்வில் முடிவு கட்டப்படுகிறது.

மறுபுறம் கிராமத்தைப் பார்க்க வேண்டும். ஆறு வாரத்திற்கு ஒருமுறை ஆங்கில ஆசிரியர் மாறும் பள்ளியில் சிறுவர் என்ன கற்பர்? ஒவ்வொருவரும் எண்களையும் வண்ணங்களையும் கற்பித்து முடிக்கும்போது விடைபெறும் நாள் வந்துவிடுகிறது. அடுத்தவர் மீண்டும் எண்களிலிருந்து தொடங்குகிறார். சுவருக்கு வண்ணம் பூச அவ்வூரிலேயே கைகள் உண்டு. மரம் நடுவதைக் கிச்வா மக்களுக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. நாப்போ பகுதியில் அவர்கள் வழிவழியாகப் பேணிவரும் ‘சக்ரா’ என்னும் பயிர்முறை, மரவள்ளி, வாழை, கோகோ, குவாயூசா, மூலிகைகள், மரங்கள் ஆகியவற்றை ஒரே நிலத்தில் அடுக்கடுக்காக வளர்ப்பது. பெரும்பாலும் பெண்களே அதைப் பராமரிக்கின்றனர். ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 2023 இல் அதை உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபுகளில் ஒன்றாக ஏற்றது. வேளாண்மை தெரியாத இருபது வயது நகரத்து மாணவர் அந்த நிலத்தில் மாணவராக நிற்கலாம். ஆலோசகராக நிற்க இயலாது.

கிச்வா கிராமங்களில் ‘மிங்கா’ என்றொரு வழக்கம் உண்டு. பாதை அமைக்க, பள்ளிக் கூரை வேய, பாலம் கட்ட ஊரார் அனைவரும் குறித்த நாளில் கூடி உழைப்பார்கள். மரவள்ளிக் கிழங்கிலிருந்து செய்த சிச்சா பானம் சுற்றிவரும். யார் எப்போது கூட வேண்டும் என்பதை ஊர்ப் பேரவை முடிவு செய்யும். பயிற்சித் திட்டங்களில் பலவும் இந்த வரிசையைத் தலைகீழாக்குகின்றன. மாணவர்கள் வரும் நாளுக்கு ஏற்ப வேலை உருவாக்கப்படுகிறது. கூட்டு உழைப்பு, விருந்தினருக்குக் காட்டப்படும் நிகழ்ச்சியாகச் சுருங்குகிறது. விருந்தினர் வரும் வீட்டிற்கு வருமானம், வராத வீட்டிற்கு ஏமாற்றம் என்று ஊருக்குள்ளேயே புதிய பிளவும் தோன்றுகிறது.

‘மேம்பாடு’ என்னும் சொல்

அமேசான் பூர்வகுடி மக்களின் உலகப்பார்வையில் ‘மேம்பாடு’ என்ற கருத்தே இல்லை என்று, சரயாக்கு கிச்வா சமூகத்தில் பிறந்த மானுடவியலாளர் கார்லோஸ் வித்தேரி 2002 இல் எழுதினார். பின்தங்கிய நிலை, முன்னேறிய நிலை என்ற இரு முனைகளுக்கிடையே நேர்கோட்டில் செல்லும் வாழ்வாக அம்மக்கள் தங்கள் வாழ்வைக் கருதவில்லை. நிலம், நீர், சுற்றத்தார் ஆகியோருடன் இசைந்த நிறைவாழ்வே அவர்களுடைய அளவுகோல். கிச்வா மொழியில் அது ‘சுமாக் கவ்சாய்’. 2008 ஆம் ஆண்டின் ஈக்வடார் அரசமைப்புச் சட்டம் இக்கருத்தை ஏற்றது. இயற்கைக்கும் உரிமைகள் உண்டு என அறிவித்தது.

சொல் சட்டத்தில் ஏறினால் மட்டும் போதாது என்பதையும் ஈக்வடார் காட்டியது. யசுனி தேசியப் பூங்காவின் அடியிலுள்ள எண்ணெயை எடுக்காமல் விட்டுவிடத் தயார், அதனால் இழக்கும் வருவாயில் பாதியான 360 கோடி டாலரை உலக நாடுகள் தர வேண்டும் என்று 2007 இல் குடியரசுத் தலைவர் ரஃபேல் கொரேயா கோரினார். காட்டைக் காப்பது உலகின் பொறுப்பு என்றால் செலவும் உலகினுடையது என்ற நியாயமான கோரிக்கை அது. 2013 ஆகஸ்டில் அத்திட்டம் கைவிடப்பட்டபோது உண்மையில் வந்திருந்த தொகை ஏறத்தாழ 1.3 கோடி டாலர். மழைக்காட்டைக் காக்கத் தங்கள் பிள்ளைகளை மகிழ்ச்சியுடன் அனுப்பிவைக்கும் செல்வ நாடுகள், அந்தக் காட்டிற்குத் தாம் பட்ட கடனைத் தீர்க்கும் வாய்ப்பு வந்தபோது பணப்பையைத் திறக்கவில்லை. அதன்பின் கொரேயா அரசே எண்ணெய் எடுக்க முனைந்தது. அதற்கு ஒப்புதல் தரும் அறிக்கையை நாடாளுமன்றத்தில் கொண்டுவந்த குழுவின் தலைவராக இருந்தவர் கார்லோஸ் வித்தேரி என்பது அந்நாட்டு முற்போக்கு அரசியலின் கசப்பான முரண்.

மக்கள் ஓயவில்லை. 2023 ஆகஸ்ட் 20 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் ஏறத்தாழ 59 விழுக்காட்டினர் யசுனியின் அந்தப் பகுதியில் எண்ணெயை மண்ணிலேயே விட்டுவிட வேண்டும் என்று வாக்களித்தனர். ஆனால் எண்ணெய் எடுக்கப்படும் ஒரேயானா மாகாணத்தில் பெரும்பான்மையினர் எதிர்த்து வாக்களித்தனர். இதைக் கடந்து செல்லக் கூடாது. வேறு வேலை இல்லாத இடத்தில், நிறுவனம் தரும் கூலியும் நிறுவனம் கட்டித்தரும் மருத்துவ நிலையமும்தான் மக்கள் கண்ட ‘மேம்பாடு’. அரசு விட்டுச்சென்ற வெற்றிடத்தை ஓரிடத்தில் எண்ணெய் நிறுவனமும் மற்றோரிடத்தில் கட்டணப் பயிற்சித் திட்டமும் நிரப்புகின்றன. இரண்டிலும் மக்கள் உரிமை உடையவர்களாக நடத்தப்படுவதில்லை, பெறுபவர்களாகவே நடத்தப்படுகின்றனர்.

பெருந்தொற்று வைத்த தேர்வு

2020 மார்ச் மாதம் கொரோனா பரவியபோது ஈக்வடார் தன் எல்லைகளை மூடியது. அமெரிக்க அமைதிப் படை உலகெங்குமிருந்து தன் தொண்டர்கள் அனைவரையும் திரும்ப அழைத்துக்கொண்டது. பல்கலைக்கழகங்களின் பயிற்சித் திட்டங்களும் நின்றன. இளைஞர்களை அவர்கள் வீட்டிற்கு அனுப்பியதில் தவறேதும் இல்லை. கிராமத்தின் நலவாழ்வை இத்தகைய திட்டங்களிடம் ஒப்படைக்க இயலாது என்பதை மட்டும் அது ஐயமற நிறுவியது. கிராமம் உண்மையில் ஆபத்தில் சிக்கிய நாளில் தொண்டர்கள் அங்கே இல்லை.

அந்த நாள் விரைவிலேயே வந்தது. 2020 ஏப்ரல் 7 அன்று கோகா ஆற்றங்கரையில் ஏற்பட்ட மண்ணரிப்பால் எண்ணெய்க் குழாய்கள் உடைந்தன. ஆயிரக்கணக்கான பீப்பாய் கச்சா எண்ணெய் கோகா, நாப்போ ஆறுகளில் கலந்தது. ஊரடங்கில் வீட்டை விட்டு வெளியேற இயலாத நிலையில், குடிநீரும் மீனும் ஆற்றிலிருந்தே பெற்றுவந்த பல்லாயிரம் கிச்வா மக்கள் தவித்தனர். ஊர் ஊராகச் செய்தி சேகரித்ததும், நீதிமன்றத்தை நாடியதும், நோய்க்கு மூலிகை மருந்து தேடியதும் பூர்வகுடி மக்களின் சொந்த அமைப்புகளே.

அரசின் மருத்துவக் கட்டமைப்பு ஏன் கைகொடுக்கவில்லை? 2019 மார்ச்சில் லெனின் மொரேனோ அரசு பன்னாட்டு நிதியத்துடன் 420 கோடி டாலர் கடன் ஒப்பந்தம் செய்தது. அதன் சிக்கன நிபந்தனைகளின் கீழ்ப் பொதுத்துறைப் பணியாளர்கள் வெளியேற்றப்பட்டனர். எரிபொருள் மானியத்தை நீக்கும் ஆணையை எதிர்த்து அதே ஆண்டு அக்டோபரில் பூர்வகுடி மக்கள் தலைநகரை நோக்கித் திரண்டனர். ஆணை திரும்பப் பெறப்பட்டது. அடுத்த மாதமே, நவம்பரில், கியூப மருத்துவர்களுடனான ஒப்பந்தத்தை மொரேனோ அரசு முறித்து நூற்றுக்கணக்கான மருத்துவர்களை வெளியேற்றியது. சில மாதங்களில் குவாயாகில் நகரத் தெருக்களில் அகற்றப்படாத சடலங்களை உலகமே கண்டது. சமூக மேம்பாட்டின் இலக்கணம் இந்த நிகழ்ச்சிகளில்தான் அடங்கியுள்ளது. மருத்துவரை வெளியேற்றும் கொள்கையை விட்டுவிட்டு, கை கழுவும் முறையைக் கற்பிக்க மாணவரை அனுப்புவது மேம்பாடு ஆகாது.

வேறு வகையில் சென்றவர்கள்

நகரத்து இளைஞர் கிராமத்திற்குச் செல்லவே கூடாதா? செல்லலாம், சென்றிருக்கின்றனர். ஈக்வடாரின் வரலாற்றிலேயே அதற்குச் சான்று உண்டு.

மலைப்பகுதியான காயம்பேயில் பண்ணையடிமைக் குடும்பத்தில் 1881 இல் பிறந்தவர் தோலோரெஸ் காக்குவாங்கோ. எழுதப் படிக்கக் கற்கும் வாய்ப்பே மறுக்கப்பட்ட இந்தக் கிச்வா பெண், கம்யூனிஸ்ட் கட்சியில் இணைந்தார்; 1944 இல் கட்சியின் துணையுடன் உருவான ஈக்வடார் இந்தியர் கூட்டமைப்பின் நிறுவனர்களில் ஒருவரானார். பண்ணையாரின் கணக்கைப் படிக்கத் தெரியாததே தம் மக்களின் விலங்கு என உணர்ந்த அவர், கிச்வா, ஸ்பானிய மொழி இரண்டிலும் கற்பிக்கும் பள்ளிகளை 1940களின் நடுவில் தொடங்கினார். கீட்டோ நகர ஆசிரியையும் கம்யூனிஸ்ட்டுமான லூயிசா கோமெஸ் தெ லா தோர்ரே அவருக்குத் துணை நின்றார். வகுப்பறையில் ஆசிரியராக நின்றவர்கள் அந்தச் சமூகத்தின் பிள்ளைகளே; முதலாமவர் தோலோரெஸின் மகன். வெளியிலிருந்து வந்தவர் அவர்களை ஆசிரியராக்கும் பணியைச் செய்தார். இடத்தைத் தாம் எடுத்துக்கொள்ளவில்லை. 1963 இல் ஆட்சியைப் பிடித்த இராணுவக் குழு அப்பள்ளிகளை மூடியது. சுவருக்கு வண்ணம் பூசும் திட்டம் எதையும் எந்த இராணுவமும் மூடியதில்லை என்பதை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும்.

கென்னடி அமைதிப் படையை அமைத்த அதே 1961 இல், கியூபாவில் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட மாணவர்கள் எழுத்தறிவுப் படையாகக் கிராமங்களுக்குச் சென்றனர். விவசாயியின் வீட்டிலேயே தங்கி, பகலில் வயலில் உழைத்து, இரவில் விளக்கொளியில் கற்பித்தனர். ஓராண்டில் ஏறத்தாழ 7 இலட்சம் பேர் எழுதப் படிக்கக் கற்றனர். எந்த மாணவரும் கட்டணம் செலுத்தவில்லை. அந்த இயக்கத்தின் பின்னே நிலச்சீர்திருத்தம் இருந்தது. புதிய பள்ளிகளைக் கட்டும் அரசு இருந்தது. கற்றவரைத் தொடர்ந்து கற்க வைக்கும் திட்டம் இருந்தது. மாணவர் திரும்பிச் சென்றபின்னும் கிராமத்தில் ஏதோ ஒன்று எஞ்சி நின்றதற்கு இதுவே காரணம்.

மாற்றுக் கருத்தும் மறுமொழியும்

பயிற்சி மாணவர் வருகையால் கிராமத்திற்குச் சிறிது வருமானமாவது கிடைக்கிறதே, அதையும் நிறுத்தினால் இளைஞர்கள் சட்டவிரோதத் தங்கச் சுரங்கத்திற்குத்தானே செல்வர் என்று கேட்கப்படுகிறது. இது பொருட்படுத்த வேண்டிய கேள்வி. நாப்போ மாகாணத்தில் தங்கச் சுரங்கம் ஆறுகளைச் சிதைத்து வருகிறது. டெனாவுக்கு அருகே யுட்சுபினோவில் 2022 பிப்ரவரியில் நடந்த சோதனையில் நூற்றுக்கும் மேற்பட்ட மண் அகழும் இயந்திரங்கள் கைப்பற்றப்பட்டன. வறுமையில் தவிக்கும் குடும்பத்திடம் விருந்தினரை ஏற்காதே என்று அறிவுரை கூற வெளியார் எவருக்கும் உரிமை இல்லை.

முடிவு எடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தே எல்லாம் அமைகிறது. சரயாக்கு மக்களைப் பாருங்கள். அவர்களின் ஒப்புதலின்றி எண்ணெய்த் தேடலுக்காக ஏறத்தாழ 1.4 டன் வெடிமருந்து அவர்கள் காட்டில் புதைக்கப்பட்டது. அவர்கள் போராடி, 2012 ஜூனில் அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை நீதிமன்றத்தில் வென்றனர். கலந்தாலோசிக்கப்படும் அவர்களின் உரிமையை அரசு மீறியதாக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தப் போராட்டத்தில் வெளிநாட்டு வழக்கறிஞர்களும், படப்பிடிப்பாளர்களும், மாணவர்களும் உடன் நின்றனர். ஊர்ப் பேரவை அழைத்தது, அவர்கள் வந்தனர், பேரவை வகுத்த பணியைச் செய்தனர். அதற்குப் பெயர் தோழமை. கட்டணம், காலம், பணி, மதிப்பீடு ஆகிய நான்கையும் தொலைதூர அலுவலகம் தீர்மானித்தால் அது வணிகம்.

இந்திய மாணவர்கள் கேட்க வேண்டியது

இந்தக் கேள்விகள் இந்தியாவிற்கும் உரியவை. 2020 ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, பயிற்சிப் பணியையும் சமூக ஈடுபாட்டையும் பட்டப்படிப்பின் மதிப்பீட்டுக் கூறுகளாக்கியுள்ளது. மாணவர் மக்களிடம் செல்வது வரவேற்கத்தக்கது. ஆனால் அரசுப் பள்ளிகளில் ஆசிரியர் பணியிடங்களை நிரப்பாமல் விட்டுவிட்டு, மதிப்பெண்ணுக்காக வரும் மாணவரைக் கொண்டு அந்த இடைவெளியை மறைக்கும் வழியாக அது மாறலாகாது. சுரங்க நிறுவனமே தன் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து பழங்குடிக் கிராமத்தில் பயிற்சித் திட்டம் நடத்தும்போது, மாணவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதும் எழ வேண்டிய வினா.

ஒடிசாவின் நியம்கிரி மலையில் 2013 இல் உச்ச நீதிமன்ற ஆணைப்படி கூடிய 12 கிராம சபைகளும் வேதாந்தாவின் பாக்சைட் சுரங்கத்தை ஒருமனதாக நிராகரித்தன. டோங்ரியா கோந்த் மக்களுக்கு அந்த அதிகாரத்தை அளித்தது, இடதுசாரிகளின் அழுத்தத்தால் வலுப்பெற்ற 2006 வன உரிமைச் சட்டம். அந்த ஒரு சபைக் கூட்டத்தில் நிகழ்ந்த சமூக மேம்பாடு நூறு பயிற்சித் திட்டங்களில் நிகழாது. கிரேட் நிகோபார் தீவிலோ 130 சதுர கிலோமீட்டர் மழைக்காடு துறைமுகத்திற்கும் நகரத்திற்கும் ஒதுக்கப்பட்டுள்ளது. 2004 ஆழிப்பேரலையில் இடம்பெயர்ந்த நிகோபாரி மக்கள் தங்கள் மூதாதையர் நிலத்திற்குத் திரும்ப விரும்புகின்றனர். அவர்களின் பழங்குடிப் பேரவை முன்பு அளித்த ஒப்புதலை 2022 இல் திரும்பப் பெற்றது. ஷோம்பென் மக்களோ இருநூற்றுச் சொச்சம் பேரே உள்ளனர். இதுவும் ‘மேம்பாடு’ என்ற பெயரில்தான் நடக்கிறது.

எனவே மாணவர் அமைப்புகள் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. பயிற்சிப் பணிக்கு ஊதியம் வழங்கப்பட வேண்டும். பணம் கட்டினால்தான் அனுபவம் என்ற முறை ஒழிய வேண்டும். கிராம சபையின் எழுத்துபூர்வ அழைப்பின்றி எந்த மாணவரும் சமூகப் பணிக்கு அனுப்பப்படக் கூடாது. திட்டத்தின் வரவுசெலவு அந்த மக்களின் மொழியில் ஊரார் முன் வைக்கப்பட வேண்டும். மாணவரை மதிப்பிடும் அதிகாரத்தில் ஊர்ப் பேரவைக்கும் பங்கு வேண்டும். ஆசிரியர், செவிலியர் பணியிடம் எதுவும் தொண்டரால் ஈடுசெய்யப்படக் கூடாது. புறப்படும் முன் அந்த மண்ணின் மொழியையும், அங்கு நடந்த பறிப்பின் வரலாற்றையும் மாணவர் கற்றிருக்க வேண்டும்.

திரும்பி வந்தபின் செய்ய வேண்டியதே பெரிய பணி. நாப்போ ஆற்றை மாசுபடுத்தும் மூலதனத்தின் தலைமையகம் நாப்போவில் இல்லை. அது மாணவர் படிக்கும் நகரத்தில், சில வேளைகளில் அவருடைய பல்கலைக்கழகத்தின் நன்கொடையாளர் பட்டியலிலேயே இருக்கிறது. கிச்வா கிராமத்தின் சுவருக்கு வண்ணம் பூசிய இளைஞர், தம் ஊரில் அந்தப் பட்டியலைப் பகிரங்கமாக்கக் கோரித் தெருவில் இறங்கினால், கிராமத்திற்கு அவர் உண்மையிலேயே உதவியவர் ஆவார்.